குருக்கள், ஆசான், வஸ்தாத்: அழைப்பிதழில் யாருக்கு எது?

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவுக்குக் கேரளத்து வடகரையிலிருந்து ஒரு களரி ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அடிமுறை என்னும் தற்காப்புக் கலையின் ஆசிரியர், கோலாப்பூரிலிருந்து குஸ்தி ஆசிரியர் வருகிறார்கள். மூவர் பெயருக்கு முன்னாலும் 'குரு' என்று போட்டால் போதுமா?

பதில்: போதாது. மூவருக்கும் அவரவர் மண்ணில் வழங்கும் பட்டம் உண்டு. குருக்கள், ஆசான் இரண்டும் பெயருக்குப் பின்னால் வருபவை.

வடகரைக்காரர் 'குருக்கள்'. வட கேரள மரபான வடக்கன் களரியில் பெண்ணுக்கும் இதே சொல்தான். 2017-இல் பத்மஸ்ரீ பெற்ற வடகரை மீனாட்சி அம்மா, மீனாட்சி குருக்கள் என்றும் அழைக்கப்படுகிறார். மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம் ஆசிரியர்களுக்கும் இந்தப் பட்டம் உண்டு. 'கள்' இருப்பதைப் பார்த்து, பன்மை என்று நினைத்து மெய்ப்புத் திருத்துபவர் 'குரு' என்று வெட்டிவிடக்கூடும். வெட்ட விடாதீர்கள். அடிகள், சுவாமிகள் என்கிறோமே, அதே மரியாதைப் பன்மை இது. இருவர் வந்தால் 'குருக்கள்மார்'. நம் ஊரில் குருக்கள் என்றதும் சிவன் கோயில் அர்ச்சகர்தான் நினைவுக்கு வருவார் என்பதால், பெயருக்குக் கீழே 'வடக்கன் களரிப்பயிற்று' என்று ஒரு வரி அவசியம் வேண்டும். பணிக்கர், குறுப்பு என்பவை குடும்ப வழிப் பட்டங்கள். பெயரோடு இருந்தால் அப்படியே அச்சிடுங்கள், நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் தொலைபேசியில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "உங்கள் களரியில் உங்களை எப்படி அழைப்பார்கள்?" வாய்த்தாரி, அதாவது வாய்மொழிக் கட்டளைகள், சொல்லி உடற்பயிற்சி நடத்துபவர் பல களரிகளில் மூத்த மாணவராக இருப்பார். அவரைக் குருக்கள் என்று அச்சிட்டால், தம் குரு இருக்கும்போது அந்தப் பட்டத்தைச் சுமக்க நேர்ந்ததே என்று அவர்தான் கூசிப்போவார்.

கன்னியாகுமரிக்காரர் 'ஆசான்'. அடிமுறைக்கும் வர்மத்துக்கும் தெற்கன் களரிக்கும் அதுவே பட்டம். நேரில் 'ஆசானே' என்று அழைக்கலாம். சிலம்பத்துக்கு ஒருவரை அழைத்தால் 'வாத்தியார்' என்பதும் முழு மரியாதையான சொல்தான். பள்ளிக்கூட நினைவில் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை.

கோலாப்பூரின் குஸ்திப் பயிற்சிக்கூடங்களான தாலீம்களில் பயிற்றுவிப்பவர் 'வஸ்தாத்'. உஸ்தாத் என்ற சொல் மராத்தியில் அப்படி ஆனது. அவரைப் 'பயில்வான்' என்று போட்டுவிடாதீர்கள். பயில்வான் என்றால் மண்ணில் இறங்கி மல்லுக்கட்டுபவர். அவருக்குப் பிடி சொல்லிக்கொடுப்பவர்தான் வஸ்தாத்.

சன்மானத்தைக் களரி ஆசிரியைக்கு உறையில் நீட்டுவதைவிட, வெற்றிலை பாக்கின் மேல் வைத்து இரு கைகளாலும் கொடுங்கள். களரியில் மாணவர்கள் தட்சிணை கொடுக்கும் முறை அது.