மங்கிய ஹெட்லைட்: மெருகு போடுவதா, வெளி செட் வாங்குவதா?

கேள்வி: என் காருக்குப் பதினொரு வயதாகிறது. ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் பூத்து, மோர் ஊற்றியதுபோல் மங்கிவிட்டன. இரவில் பள்ளம் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. கார் கம்பெனியின் ஒரிஜினல் விளக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. வெளிக் கம்பெனிகள் செய்யும் செட் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடம் தெளிந்து, உள்ளே இருக்கும் பல்ப் பளிச்சென்று தெரிந்தால், கெட்டுப்போனது மேல்தோல் மட்டும்தான். காய்ந்ததும் பழையபடி மங்கிவிடும், பயப்பட வேண்டாம். தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை என்றால் கோளாறு உள்பக்கம் இருக்கிறது. ஈரம் புகுந்திருக்கலாம், அல்லது பல்புக்குப் பின்னால் கண்ணாடிபோல் மின்ன வேண்டிய ரிஃப்ளெக்டர் கருகி உரிந்திருக்கலாம். அப்படியானால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் வராது, செட்டை மாற்றத்தான் வேண்டும்.

நாம் கண்ணாடி என்று சொல்வது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கல் பட்டால் உடையாது, எடையும் குறைவு. அதன் எதிரி வெயில்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகிவிடும் என்பதால், தொழிற்சாலையிலேயே அதன் மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு அடித்துத்தான் அனுப்புகிறார்கள். சில வருடங்களில் அந்தப் பூச்சு தேய்ந்து உரிகிறது. வெயில் நேராக விழும் மேல்பகுதி முதலில் மங்குவது அதனால்தான்.

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-இல் இதைச் சோதனை செய்து பார்த்தது. உங்கள் கார் வயதில் இருந்த வண்டிகளின் மங்கிய விளக்குகள், லோ பீமில் (எதிரே வண்டி வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சம்) புது விளக்கு தருவதில் 22 சதவீதம்தான் தந்தன. மெருகு போட்ட பிறகு அது ஏறத்தாழ 70 சதவீதம் ஆனது. வெளிக் கம்பெனி செட் மாட்டியபோது 83 முதல் 90 சதவீதம் வரை, ஒரிஜினல் மாட்டியபோது முழு 100. இந்த எண்களை மட்டும் பார்த்தால் வெளி செட் நல்ல பேரமாகத் தெரியும். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. வெளி செட்டுகள் வெளிச்ச அளவுக்கான விதிகள் சிலவற்றில் தவறின, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் விஷயத்திலும் தோற்க வாய்ப்பு அதிகமாக இருந்தது. வெளிச்சம் நிறைய வந்தால் போதாது, அது விழ வேண்டிய இடத்தில் விழ வேண்டும். லோ பீம் என்றால் மேலே ஒரு கோடு போட்டு வெட்டியதுபோல் இருள் இருக்க வேண்டும், கீழே சாலை முழுக்கத் தெரிய வேண்டும். மலிவு செட்டில் லென்ஸ் பளபளப்பாகவே இருக்கும். தவறு நடப்பது ரிஃப்ளெக்டரின் வளைவில்தான்.

அதனால் என் கருத்து இது: தண்ணீர் சோதனையில் உங்கள் விளக்கு தெளிந்தால், முதலில் மெருகு போடுங்கள். 22-லிருந்து 70 என்பதே பெரிய மாற்றம். ரிஃப்ளெக்டரும் பழைய ஒரிஜினலாகவே இருக்கும். சுற்றியுள்ள பெயின்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு, ஈரமாக வைத்தே 800, 1000, 2000, 3000 என்று படிப்படியாக மென்மையான வாட்டர் பேப்பரில் தேய்த்து, பாலிஷ் போட வேண்டும். கடைசியாக, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைக் கட்டாயம் அடிக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகும். பற்பசை வைத்தியமும் இப்படித்தான். மஞ்சளைத் தேய்த்து எடுக்கும், பிளாஸ்டிக்கை அம்மணமாக விட்டுவிடும். கொசு விரட்டும் ஸ்பிரேயை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் உள்ள டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கின் மேல்பரப்பையே இளக்கிவிடும். அன்றைக்குப் பளபளப்பது அதனால்தான்.

கேள்வி: என் விளக்கில் ரிஃப்ளெக்டரே உரிந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். வெளி செட்டில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாப் பெட்டியிலும் ‘ஒரிஜினல் தரம்’ என்றுதான் போட்டிருக்கிறது.

பதில்: அந்த வார்த்தையைக் கண்டுகொள்ளாதீர்கள், யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நீங்கள் படிக்க வேண்டியது லென்ஸில் வார்க்கப்பட்டிருக்கும் குறிகளை.

வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால், அது ஐ.நா. வாகன விதிகளின்படி ஒரு நாட்டின் அதிகார அமைப்பு சோதித்து ஒப்புதல் தந்த விளக்கு. எண் அந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து. ‘டாட்’ (DOT) என்ற அமெரிக்கக் குறி வேறு மாதிரி. எங்கள் விளக்கு விதிப்படி இருக்கிறது என்று செய்தவரே தரும் உறுதிமொழி அது, அரசு முன்கூட்டியே சோதித்தது என்று பொருளில்லை. அமெரிக்க வண்டி என்றால் ‘காப்பா’ (CAPA) சான்று உள்ள செட்டைத் தேடலாம். அது வெளிப் பாகங்களைத் தனியாகச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு. ‘ஈ’ குறியோ ‘டாட்’ குறியோ வார்க்கப்படாமல் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அம்புக்குறி. பலர் தவறவிடுவது இதைத்தான். லோ பீம் நாம் ஓட்டும் பக்கத்துச் சாலையோரத்தில் கொஞ்சம் மேலே ஏறும், எதிர்ப்பக்கம் தாழ்ந்திருக்கும். ஆகவே இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் விளக்கு வேறு வேறு. ‘ஈ’ குறி உள்ள விளக்கை முன்னால் நின்று பார்த்தால், இடப்பக்கம் ஓட்டுவதற்கானதில் வலப்பக்கம் காட்டும் அம்பு இருக்கும். வலப்பக்கம் ஓட்டுவதற்கானதில் அம்பே இருக்காது. இருபுறமும் காட்டும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றி வைக்கலாம். இணையத்தில் வேறு நாட்டிலிருந்து வரவழைக்கும்போது இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தவறான செட்டை மாட்டினால், மேலே ஏறும் அந்த வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் போய் விழும்.

கார் கம்பெனிகளுக்கே விளக்கு செய்து தரும் ஹெல்லா, வாலியோ போன்றவை தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. உங்கள் மாடலுக்கு அது கிடைத்தால் முதலில் அதையே பாருங்கள். தைவானின் டெப்போ, டிஒய்சி ஆகியவை மாற்று விளக்குகளில் வெகுகாலமாக இருக்கும் பெயர்கள். பெயரே இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. புகை நிற லென்ஸ், வளைய அலங்காரம் எல்லாம் வேண்டாம்.

பொருள் வந்ததும் பழைய விளக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாட்டும் காதுகள், பின்னால் வயர் செருகும் கப்ளர், பல்ப் வகை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலிலேயே வருடம் மாறினால் விளக்கும் மாறியிருக்கும். உயரம் சரிசெய்யும் மோட்டார் பல செட்டுகளில் வருவதில்லை, பழையதிலிருந்து கழற்றித்தான் மாட்ட வேண்டும். எனவே எல்லாம் சரி என்று தெரியும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். என் பழைய காருக்கு வாங்கிய முதல் செட்டில் இடது விளக்கின் வெளிச்சக் கோடு எவ்வளவு திருகியும் நேராகவில்லை. லென்ஸின் மேல் ஒட்டி வந்த பிலிமை உரிக்காமல் பொருத்திப் பார்த்ததால்தான் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கேள்வி: புது செட் மாட்டிய நாளிலிருந்து எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு ஹை பீம் அடித்துக் காட்டுகிறார்கள். என்ன தப்பு?

பதில்: விளக்கு மேலே பார்க்கிறது. செட் மாற்றினால் வெளிச்சம் விழும் உயரத்தைச் சரிபார்ப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது, மெக்கானிக்குகள் இதைச் சில நேரம் விட்டுவிடுகிறார்கள். சமதளத்தில், டயர் காற்று சரியாக இருக்க, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். வெளிச்சத்தின் உயரம் மாற்றும் திருகி காருக்குள்ளே இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு, அதாவது மேலே இருளும் கீழே வெளிச்சமும் பிரியும் கோடு, அதற்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே விழ வேண்டும். இது 1 சதவீத இறக்கம். உங்கள் காரின் விளக்கருகே 1.2% போல வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி 12 செ.மீ. என்று கணக்கிடுங்கள். இப்படிச் சரிசெய்த பிறகும் வெட்டுக்கோடே தெரியாமல் வெளிச்சம் சிதறினால், குறை செட்டில்தான். திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்ப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்றபடி வளைத்ததுதான் அந்த ரிஃப்ளெக்டர். வேறு ஒளி வைத்தால் அது கண்டபடி சிதறும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும்தான் மோசம். ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பதில்: ஒரிஜினலாக வாங்கி, மற்றதற்கு மெருகும் போட்டுவிட்டால் மாற்றலாம். வெளி செட் என்றால் ஜோடியாகவே மாற்றுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி வெளிச்சம் விழுந்தால் இரவில் கண் ரொம்பவே களைத்துவிடும்.