பீப்பாய்க்குள் ஃபூஜி

கேள்வி: ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களில் மலையும் கடலும் பிரம்மாண்டமாக இருக்கின்றன, மனிதர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள். ‘இயற்கைக்கு முன்னால் மனிதன் ஒன்றுமில்லை’ என்ற ஜென் தத்துவம்தானே இது?

பதில்: தத்துவத்தை முடிவு செய்துவிட்டுப் படத்தைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். முதலில், இந்த அச்சுப் படங்களுக்குப் பேர்போன ஓவியர் ஹொகுசாய் ஜென்காரரே இல்லை, நிச்சிரென் என்ற வேறொரு பௌத்தப் பிரிவைச் சேர்ந்தவர்.

எல்லோருக்கும் தெரிந்த அவருடைய ‘பேரலை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1831 வாக்கில் வந்த படம். அதில் மிகச் சிறியதாக இருப்பது மனிதனா? ஜப்பானின் மிக உயரமான மலை, 3,776 மீட்டர் ஃபூஜி, அலைக்கு அடியில் சின்னக் கூம்பாகக் கிடக்கிறது. அலை பக்கத்தில் இருக்கிறது, மலை தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நாகசாகி வழியாக வந்த டச்சுப் படங்களைப் பார்த்து, தூரத்தைக் காட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டவர் ஹொகுசாய். அதை வைத்து மலையோடு விளையாடுகிறார்.

‘பேரலை’ இடம்பெற்ற ‘ஃபூஜியின் 36 காட்சிகள்’ வரிசையிலேயே ஓவாரி மாகாணத்துப் படம் ஒன்று உண்டு. தச்சர் ஒருவர் பெரிய பீப்பாய்க்குள் நின்று வேலை செய்கிறார். பீப்பாய்க்கு அடி இல்லை; அந்த வட்டத்துக்குள் ஃபூஜி விரல்நுனி அளவு முக்கோணமாகத் தெரிகிறது. மனிதர் பெரியவர், மலை பொடி! தோத்தோமி மாகாணத்துப் படத்திலோ சாய்த்து நிறுத்திய ராட்சத மரத்தை ஆட்கள் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்; முட்டுக்கட்டைகளுக்கு இடையில் எட்டிப் பார்க்கிறது ஃபூஜி. பதிப்பாளர் கொடுத்த விளம்பரத்திலும் ஜென் கிடையாது. நீல நிற அச்சு, இடத்துக்கு இடம் மாறும் மலையின் தோற்றம், இவைதான் அவர் விற்ற சரக்கு. சரக்கு நன்றாகப் போனது; 36 காட்சிகள் என்று தொடங்கிய வரிசை 46-இல் போய் நின்றது.

உங்கள் பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது, மறைக்கவில்லை. இன்னொரு அச்சுப்பட ஓவியரான ஹிரோஷிகேயின் தோகைதோ நெடுஞ்சாலை வரிசையில் ஹகோனே என்ற மலைப்பகுதியின் படம். மலை செங்குத்தாக எழுந்து நிற்க, கீழே இடுக்கில் ஒரு பிரபுவின் ஊர்வலம் போகிறது. பிரபுவைக் காணோம், வரிசையாகத் தொப்பிகள்தான் தெரிகின்றன. அதைப் பார்த்து இயற்கையின் மகத்துவம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கென்னவோ அதிகாரத்தைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் படுகிறது.

ஒரே ஒரு படத்தைக் காட்டி ஓவியர் மனசுக்குள் இதுதான் இருந்தது என்று சாதிக்கக் கூடாது, சரி. அப்புறம், அதே ஹிரோஷிகே 1857-இல் வரைந்த நாய்தோ ஷின்ஜுகு என்ற இடத்தின் படத்தையும் பார்த்துவிடுங்கள். முன்னால் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்பது குதிரையின் பின்பக்கம். தெருவில் சாணம். கால்களுக்கு நடுவே, எறும்பு அளவில், கடைத்தெரு மனிதர்கள். இதற்கு எந்தத் தத்துவத்தைச் சொல்வீர்கள்?