கிளிப்ஷ்ஹார்னில் பாஸ் குறைகிறதா? மூலையைப் பாருங்கள்

வலது மூலையை ஒட்டிக் கதவு இருப்பதால் பழைய கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் இரண்டையும் மூலையிலிருந்து ஓரடி முன்னால் இழுத்து வைத்தேன், பாஸே (அடித்தொனி) இல்லை, பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். ஒரு வாட்டுக்கே நூறு டெசிபலைத் தாண்டும் ஸ்பீக்கர் அது. நல்ல சின்ன வால்வு ஆம்ப்பே தாராளம்.

கோளாறு அந்த ஓரடியில்தான். பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த இந்த வடிவத்தில் பாஸ் ஹார்ன், அதாவது அடித்தொனியைப் பெருக்கி வெளிவிடும் விரியும் குழல், பெட்டிக்குள் முடிவதில்லை, அறையின் இரண்டு சுவர்கள்தான் அதன் கடைசிப் பகுதி. பின்புறம் திறந்த பழைய மாடலில் இடைவெளி விட்டால் ஹார்ன் பாதியிலேயே அறுந்த மாதிரி.

இடது ஸ்பீக்கரை மூலையோடு ஒட்டித் தள்ளுங்கள். பின் விளிம்பு சுவரில் படியும் இடத்தில் ஃபோம் பட்டை ஒட்டிக் காற்று கசியாமல் அடையுங்கள். வலதுக்குப் பொய் மூலைதான் வழி: தடித்த பிளைவுட் பலகை இரண்டை, ஒவ்வொன்றும் சுமார் நான்கடி அகலம், செங்கோணத்தில் இணைத்துக் கதவுக்கு இப்பால் நிறுத்துங்கள். அதிராதபடி பின்னால் சட்டம் அடிக்க வேண்டும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!