'ஐ ஹேவ் எ டவுட்' என்று சொல்வது தவறா? டவுட், சஸ்பெக்ட், க்வெரி: எதை எங்கே சொல்ல வேண்டும்?

வகுப்பில் கையைத் தூக்கி "சார், ஒரு டவுட்" என்று கேட்பதில் தவறே இல்லை. இந்திய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கு அது. ஓ.எம்.ஆர். அலுவலகத்திலிருந்து லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ மெயில் போகும்போதுதான் சிக்கல். "ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபௌட் யுவர் டிசைன்" என்று எழுதினால், 'உங்கள் டிசைன் தேறுமா என்று எனக்கு நம்பிக்கையில்லை' என்றே அங்கே புரிந்துகொள்வார்கள். விளக்கம் கேட்கப் போய், குறை சொன்னதாக முடியும். 'டவுட்ஸ்' இருக்கும் இடத்தில் 'க்வெஸ்சன்ஸ்' போடுங்கள், போதும். அவர்கள் ஏற்கெனவே சொன்னது தெளிவாக இல்லையென்றால் "குட் யூ க்ளாரிஃபை" என்று தொடங்கலாம். 'க்வெரி' பில், க்ளெய்ம் சமாச்சாரங்களுக்குச் சரி. நேர்ப்பேச்சில் விறைப்பாக இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, 'டவுட்' 'சஸ்பெக்ட்' இரண்டையும் மாற்றிப் போடுவது. தமிழில் இரண்டுக்கும் 'சந்தேகம்' ஒன்றே என்பதால் வரும் குழப்பம் இது. சைக்கிள் காணாமல் போய்விட்டது என்று வையுங்கள். "ஐ டவுட் ஹி டுக் இட்" என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று பொருள். "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்" என்றால் அவன்தான் எடுத்திருப்பான். ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது இது மாறினால் சொல்ல வந்ததே தலைகீழாகிவிடும்.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "எடுத்திருப்பானான்னு சந்தேகமா இருக்கு" என்று வந்தால் டவுட். "எடுத்திருப்பான்னு சந்தேகமா இருக்கு" என்று வந்தால் சஸ்பெக்ட். நடுவில் வரும் அந்த 'னா'தான் வித்தியாசம். "நாளைக்கு வருவானாங்கறதே சந்தேகம்" என்பதும் அதே கணக்கில் டவுட்தான்.

ஆளையே சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். "ஐ டவுட் ஹிம்" என்றால் அவர் பேச்சில் நம்பிக்கையில்லை என்ற அளவுதான். திருட்டுப் பழி அதில் இல்லை.

'டவுட்ஃபுல்', 'டூபியஸ்' இரண்டையும் கிரிக்கெட்டில் வைத்துப் பார்த்தால் எளிது. சேப்பாக்கம் மேட்சுக்கு ஒரு பௌலர் 'டவுட்ஃபுல்' என்றால் காயத்தால் ஆடுவது நிச்சயமில்லை. அவர் ஆக்‌ஷன் 'டூபியஸ்' என்றால் பந்தை விதியை மீறி எறிகிறாரோ என்ற சந்தேகம்.

'டவுட்' ஸ்பெல்லிங்கில் இருக்கும் 'பி'யை உச்சரிக்கக் கூடாது. பிரெஞ்சு வழியாக 'பி' இல்லாமல் வந்த சொல் இது. லத்தீன் மூலமான 'டூபிட்டாரே'வை நினைவூட்டப் பிற்காலத்தில் அறிஞர்கள் எழுத்தில் மட்டும் செருகியது அது.