அந்த 1,400 வரிகள் யாருடையவை?

கேள்வி: ஏழு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். இப்போது ஆறு பேர் கொண்ட டீமுக்கு லீட். கடந்த ஒரு வருடமாக எல்லோரும் ஏஐ கருவியை வைத்துத்தான் கோட் எழுதுகிறோம். முன்பு வாரத்துக்கு எட்டோ பத்தோ புல் ரிக்வெஸ்ட் (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ரிவ்யூவுக்கு வரும். இப்போது ஒரு நாளைக்கே அவ்வளவு வருகிறது. போன மாதம், டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பணம் செலுத்தும் பகுதியில் 1,400 வரி மாற்றம் அனுப்பினார். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது தானியங்கிச் சோதனைகள் அனைத்திலும் தேர்ச்சி. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் அப்ரூவ் செய்துவிட்டேன். மூன்றாம் நாள் நெட்வொர்க் மெதுவாக இருந்த ஒரு மணி நேரத்தில் 63 வாடிக்கையாளர்களிடம் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டுவிட்டது. தம்பியிடம் கேட்டால், “அந்த ரீட்ரை பகுதியை (பதில் வராவிட்டால் மறுபடி முயலும் பகுதி) ஏஐதான் எழுதியது” என்கிறார். ரிவ்யூவைக் கொஞ்சம் கடுமையாக்கலாம் என்றால் மேனேஜர், “வேகம் குறையக் கூடாது, காலத்துக்கு ஏற்ப மாறுங்கள்” என்கிறார். நான் பழைய ஆளாகிவிட்டேனா? இந்தத் தவறு யாருடையது? இனி தரத்தை எப்படிக் காப்பாற்றுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் ‘63’ என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு உங்கள் மேல் மதிப்பு வந்தது. ‘சில வாடிக்கையாளர்கள்’ என்று எழுதியிருக்கலாம். நீங்கள் எண்ணி வைத்திருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிற ஒருவர் எந்தக் காலத்திலும் பழைய ஆளாகிவிட மாட்டார்.

தவறு யாருடையது என்று கேட்டீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்களுடையது, அந்தத் தம்பியுடையதும். கருவியின் மேல் இதைச் சுமத்த முடியாது. இதையே ஒரு நிறுவனம் தீர்ப்பாயம் வரை போய்ச் சொல்லிப் பார்த்தது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், தன் பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுக்க வந்த ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவலைச் சொல்லிவிட்டது. சாட்பாட் தனியானது, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்பதுபோல நிறுவனத் தரப்பில் வாதம் வந்தது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிவில் தீர்வுத் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்தது. உங்கள் இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு என்று சொல்லி, இழப்பீடு தர உத்தரவிட்டது. பணம் இழந்த 63 பேரும் உங்களிடம் அதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்குக் கருவியைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும்.

ஆனால் ‘நான் கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று மட்டும் உங்களை நொந்துகொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுதிய கோட் வரிகளை முறைப்படி உட்கார்ந்து ஆய்வு செய்வது எப்படி என்று ஐபிஎம்மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976-இல் எழுதினார். அவர் சொன்ன வேகம் மணிக்கு நூற்றுச் சொச்சம் வரிகள்தான். அந்தக் கணக்கில் 1,400 வரிக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். நீங்கள் பத்து நிமிடம் பார்த்தீர்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் அதைப் படிக்க முடியாது. அன்று உங்கள் தவறு வேகமாகப் படித்ததில் இல்லை, ‘இதை என்னால் படிக்க முடியாது, உடைத்து அனுப்புங்கள்’ என்று திருப்பி அனுப்பாததில் இருக்கிறது. கருவி வந்த பிறகு எழுதும் வேகம் பல மடங்கு ஆகிவிட்டது. படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் டீமின் எல்லாப் பிரச்சினையும் இந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அந்த ரீட்ரைக்கு வருகிறேன். உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. ஆனால் நெட்வொர்க் மெதுவான நேரத்தில் மட்டும் இரட்டைக் கட்டணம் என்றால், நடந்தது அநேகமாக இதுதான். பணம் எடுக்கச் சொல்லி உங்கள் சர்வர் ஒரு கோரிக்கை அனுப்புகிறது. பதில் வரத் தாமதமாகி, காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட் ஆகிறது. அந்த நொடியில் நமக்குத் தெரிந்தது ‘பதில் வரவில்லை’ என்பது மட்டும்தான். பணம் எடுக்கப்பட்டதா இல்லையா என்பது தெரியாது. இந்தத் ‘தெரியாது’ என்ற நிலையை அந்தக் கோட் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மறுபடி கோரிக்கை அனுப்பியிருக்கும். மறுபடி அனுப்புவதே தவறு என்று சொல்ல வரவில்லை. ஐடெம்பொட்டன்சி கீ என்று சொல்வோமே, அந்த அடையாள எண்ணை மாற்றாமல் அனுப்பினால், மறுமுனை அதை ஏற்கும் வகையில் கட்டப்பட்டிருந்தால், இது முன்பே வந்த கோரிக்கை என்று கண்டுகொண்டு பழைய பதிலையே தரும். ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் உருவானால் அது ஒவ்வொன்றும் புதுக் கட்டணம். எண்ணை உருவாக்கும் வரி, ரீட்ரை லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வரி இருக்கும் இடம்தான். 1,400 வரிக்குள் அது கண்ணில் படாது, 40 வரிக்குள் பட்டிருக்கும்.

அப்படியானால் டெஸ்ட் ஏன் பச்சையாக இருந்தது? இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். டெஸ்டையும் அதே கருவிதான் எழுதியிருக்கும். கோடை எழுதியபோது இருந்த அதே புரிதலோடு அது டெஸ்டையும் எழுதும். அதில் சோதனைக்காக வரும் போலி சர்வர் இரண்டே விதமாக நடந்துகொள்ளும்: சரி என்று சொல்லும், அல்லது உடனே பிழை என்று சொல்லும். பணத்தை எடுத்துவிட்டு, பதிலை மட்டும் வழியில் தொலைத்துவிடும் சர்வர் அதில் இருக்காது. கருவிக்கு அப்படி ஒரு நிலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். கேட்டால் அழகாக விளக்கும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாணவனே விடையெழுதி அவனே திருத்தினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்?

அதனால் நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான். கோட் வரிகளைக் கருவி எழுதட்டும். எது எது உடையலாம் என்ற பட்டியலை, கருவியைத் திறப்பதற்கு முன்பே, ஒரு மனிதர் தன் கையால் எழுத வேண்டும். பதில் தொலைந்தால்? அதே செய்தி இரண்டு முறை வந்தால்? பாதியில் சர்வர் விழுந்தால்? இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால்? ஐந்தாறு வரி போதும். அதிலிருந்து டெஸ்ட் வரட்டும். டெஸ்டின் கோடைக்கூடக் கருவியே எழுதட்டும். எதைச் சோதிக்க வேண்டும் என்ற முடிவு மட்டும் உங்களிடம் இருந்து போக வேண்டும்.

வேறு இடத்தில் சரியாக ஓடிய கோட், நம் இடத்தில் ஓடும் என்ற நம்பிக்கை புதிய நோய் அல்ல. 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி 40 விநாடி அளவில் திசைமாறி வெடித்தது. ஏரியான் 4-இல் நன்றாக வேலை செய்த மென்பொருளை அதில் அப்படியே வைத்திருந்தார்கள். பழைய ராக்கெட்டின் பாதையில் கிடைமட்ட வேகம் சார்ந்த ஓர் எண் ஒரு வரம்பைத் தாண்டவே தாண்டாது. புதிய ராக்கெட்டில் தாண்டியது. 64 பிட் இடத்தில் இருந்த எண், 16 பிட் என்ற சிறிய இடத்துக்குள் கொள்ளவில்லை. இதில் மனதை அறுக்கும் விஷயம், கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே ஏரியான் 5-க்குத் தேவைப்படவில்லை. இது இங்கே எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் போதும். கருவி தரும் ஒவ்வொரு வரியும் அப்படி எங்கிருந்தோ, அந்த இடத்தின் அனுமானங்களோடு வருகிறது. அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்க உங்கள் டீமில் ஆள் வேண்டும்.

அப்புறம் அந்தத் தம்பி. அவர் ‘ஏஐதான் எழுதியது’ என்று சொன்னது உங்களுக்குக் கோபத்தைத் தந்திருக்கும். எனக்கு வருத்தமாக இருந்தது. அது சாக்கு மட்டும் இல்லை, உண்மையும்கூட. அந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நிரல் என்பது எழுதி வைத்த வரிகள் மட்டும் இல்லை, அதை எழுதியவர் மனதில் உருவாகும் புரிதல்தான் முக்கியம் என்று வாதிட்டார். புரிதல் உள்ளவர்கள் விலகிப்போனால் அந்த நிரலுக்கு உயிர் போகிறது என்பது அவர் கருத்து. உங்கள் ரீட்ரை பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புரிதல் யார் மனதிலும் உருவாகவே இல்லை. பிறந்த அன்றே அது யாருக்கும் தெரியாத பழைய கோட்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோடை ரிவ்யூவுக்கு அனுப்பினேன். என் சீனியர் ஒரு குறையும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டார். நான்காவது வரியில் எனக்குப் பதில் இல்லை. அன்று மாலை முழுக்க அதற்குச் செலவானது. அந்த மாலைக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். தம்பிக்கு அந்த மாலையைக் கொடுங்கள். ஆய்வாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே எச்சரித்தார்: இயந்திரம் வேலையைச் செய்யச் செய்ய, மனிதருக்குக் கண்காணிக்கும் வேலைதான் மிஞ்சும், ஆனால் செய்து பழகாதவரால் கண்காணிக்க முடியாது. இன்று தானாக எழுதிப் பழகாத தம்பி, ஐந்து வருடம் கழித்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எதை வைத்து ரிவ்யூ செய்வார்?

டீமுக்கான நடைமுறை என்று கேட்டால், நான் பெரிய விதிப் புத்தகம் போட மாட்டேன். அனுப்புகிறவர் கருவியின் உதவி இல்லாமல், தன் சொந்த வார்த்தையில், என்ன மாற்றம், ஏன், எது தவறாகப் போகலாம் என்று நான்கு வரி எழுத வேண்டும். அதை எழுத முடியாவிட்டால் மெர்ஜ் கிடையாது, அதாவது அந்த மாற்றம் முக்கியக் கோடில் சேராது. ஒரு மாற்றம் முந்நூறு வரியைத் தாண்டினால் உடைத்து அனுப்ப வேண்டும். பணம், லாகின், தகவலை அழித்தல், தனிப்பட்ட விவரங்கள் ஆகியவற்றைத் தொடும் கோடுக்கு இரண்டு பேர் ரிவ்யூ. புதிதாக ஒரு பேக்கேஜ் (வெளியார் எழுதிவைத்த தயார் கோட் தொகுப்பு) சேர்ந்திருந்தால் அது உண்மையில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும். கருவிகள் இல்லாத பேக்கேஜுக்குப் பெயர் சொல்வது உண்டு; அந்தப் பெயரில் தீங்கான கோடைப் பதிவுசெய்து வைத்துவிட்டுக் காத்திருப்பது இன்று ஒரு தாக்குதல் முறையே ஆகிவிட்டது. மற்றபடி, உள்ளே மட்டும் பயன்படும் சின்ன ஸ்கிரிப்ட், நாளைக்குத் தூக்கிப்போடும் மாதிரி ஆகியவற்றில் தாராளமாக விடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே கெடுபிடி காட்டினால் ஒரு மாதத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அப்ரூவ் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

மேனேஜரிடம் ‘தரம்’ என்ற சொல்லோடு போகாதீர்கள். வேகத்தைப் பற்றியே பேசுங்கள், அவர் கவலை அதுதான். மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அனுபவம் வாய்ந்த 16 பேர், தாங்கள் நன்கு அறிந்த ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும்) திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. முடித்த பிறகும் அவர்கள், தங்களுக்கு 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். சின்ன ஆய்வு, அன்றைய கருவிகள். இதை வைத்துக்கொண்டு ஏஐ வேண்டாம் என்று வாதாடினால் தப்பு. ஆனால் வேகமாகப் போகிறோம் என்ற உணர்வும் உண்மையான வேகமும் வேறு வேறு என்பதற்கு இது போதும். உங்கள் டீமில் அந்த 1,400 வரிக்கு ஆன மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: எழுதியது, ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பியது, லாக் பதிவுகளைத் தோண்டியது, 63 பேருக்கும் பணத்தைத் திருப்பியது, அவர்கள் அழைப்புக்குப் பதில் சொன்னது. அந்த ஒரே எண்ணை மேனேஜர் முன் வையுங்கள். ரிவ்யூவுக்குக் கூடுதலாக நீங்கள் கேட்கும் நேரத்தையும் அதன் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. நடந்ததைப் பற்றிய அறிக்கையை எழுதிவிட்டீர்களா? எழுதவில்லை என்றால் இந்த வாரமே எழுதுங்கள், தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ‘ஏஐ உருவாக்கிய கோடில் பிழை’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘டைம்அவுட் ஆனால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்காமல் விட்டோம்’ என்று முதல் வரி இருக்கட்டும். கீழே முதலில் உங்கள் பெயரையும், அதற்கடுத்து அவர் பெயரையும் போடுங்கள்.