கெல்லி ஹாரிங்டன் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகும், அயர்லாந்தின் தலைசிறந்த அமெச்சூர் குத்துச்சண்டை வீராங்கனை என்று கேட்டி டெய்லரைப் பலர் சொல்வது ஏன்?

நானும் கேட்டி டெய்லரைத்தான் சொல்வேன். டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்ற ஹாரிங்டன் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் ஒலிம்பிக் தங்கத்தை மட்டும் எண்ணுவது டெய்லருக்கு அநியாயம். அவருடைய நல்ல காலத்தின் பெரும்பகுதியில் பெண்களுக்கு ஒலிம்பிக் குத்துச்சண்டையே கிடையாது.

2008ஆம் ஆண்டையே பாருங்கள். டெய்லருக்கு 22 வயது. 60 கிலோ பிரிவின் உலக சாம்பியன். ஐரோப்பியப் பட்டத்தையும் அதற்குள் மூன்று முறை வென்றுவிட்டார். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அயர்லாந்தின் ஆண்கள் குத்துச்சண்டையில் மூன்று பதக்கங்கள் வாங்கினார்கள். டெய்லருக்கு அங்கே இடமில்லை. சில மாதங்கள் கழித்து அதே சீனாவில், நிங்போ நகரில், உலகப் பட்டத்தை மறுபடியும் வென்றார். மோத வாய்ப்பே இல்லாமல் போன அந்தப் பெய்ஜிங் தங்கத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

விக்லோ மாவட்டத்தின் பிரே என்ற கடலோர ஊர் அவருடையது. பயிற்சி அளித்தவர் தந்தை பீட். பெண்களுக்குப் போட்டிகளே இல்லாத நாளில், 'கே. டெய்லர்' என்று பெயர் கொடுத்து, தலைக்கவசத்துக்குள் கூந்தலை மறைத்துக்கொண்டு பையன்களோடு மோதிய சிறுமி அவர். அயர்லாந்தில் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்ட முதல் பெண்கள் குத்துச்சண்டை 2001 அக்டோபர் 31 அன்று டப்ளினில் நடந்தது. அதில் களமிறங்கி வென்றபோது அவருக்கு வயது 15.

முதல் உலகத் தங்கம் கிடைத்தது 2006இல், நம் புது தில்லியில். மேரி கோமும் தங்கம் வென்ற போட்டி அது. அதன்பின் நிங்போ, பார்படாஸ், சின்ஹுவாங்தாவ், ஜெஜு என்று 2014 வரை தொடர்ந்து வென்றார்; தில்லியையும் சேர்த்து மொத்தம் ஐந்து உலகப் பட்டங்கள். ஐரோப்பியத் தங்கம் ஆறு. எட்டு ஆண்டுகள் ஒரே எடைப் பிரிவில் உலகத்தில் யாருக்கும் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இதற்கிடையில் அயர்லாந்து கால்பந்து அணிக்கும் ஆடியிருக்கிறார்!

2009இல்தான் பெண்கள் குத்துச்சண்டையைச் சேர்க்க ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது. அந்த முடிவுக்கு முன் நடந்த காட்சிப் போட்டிகளில் ஆடி, பெண்களாலும் இந்தத் தரத்தில் மோத முடியும் என்று காட்டியவர்களில் டெய்லர் முக்கியமானவர். 2012 லண்டன் தொடக்க விழாவில் அயர்லாந்துக் கொடியை ஏந்தி வந்தார். இறுதிப் போட்டியில் எதிராளி ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகாவா: இடது கையை முன்னிறுத்தாமல் வலது கையை முன்வைத்து நிற்பவர், எதிராளி பாயும்வரை காத்திருந்து திருப்பி அடிப்பவர். டெய்லரின் வேகத்துக்கு இதைவிடச் சங்கடமான ஆள் கிடைக்க மாட்டார். இரண்டு சுற்று முடிவில் டெய்லர் 3-4 என்று பின்தங்கியிருந்தார். மூன்றாவது சுற்றில் நான்கு புள்ளிகள் எடுத்து 7-5 என்று முந்தினார்; முடிவு 10-8. குத்துச்சண்டையில் பெரிய ஆட்டக்காரர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்க விரும்பினால் அந்த மூன்றாவது சுற்றைப் பாருங்கள். பொறுமை இழந்து பாயாமல், கோணத்தை மாற்றி மாற்றி அடிக்கிறார்.

2016 அவருக்குக் கடினமான ஆண்டு. தந்தையின் பயிற்சி இல்லாமல் ஆடினார். உலகப் போட்டியில் வெண்கலம். ரியோவில் காலிறுதியிலேயே ஃபின்லாந்தின் மீரா போட்கோனனிடம் தோல்வி. அதே ஆண்டு நவம்பரில் தொழில்முறைக்கு மாறினார். ஹாரிங்டன் தனது 60 கிலோ உலகப் பட்டத்தை 2018இல் வென்றதும் புது தில்லியில்தான். அவர் நுழைந்தபோது ஒலிம்பிக் வாசல் திறந்திருந்தது. அதைத் திறக்க உழைத்தவர்களின் வரிசையில் டெய்லரை நான் முன்னால் வைக்கிறேன்.