நூல் சிக்காகிறது, துணி சுருங்குகிறது: கை எம்பிராய்டரியில் என்ன தவறு நடக்கிறது?

திண்டுக்கல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "வீடியோ பார்த்து எம்பிராய்டரி பழகத் தொடங்கினேன். பட்டு பிளவுஸ் கையில் ஒரு ரோஜாப்பூ போட்டேன். நூல் முறுக்கிச் சிக்காகிறது, பூவைச் சுற்றித் துணி சுருங்கிவிட்டது. எனக்குக் கை வராதோ? பேசாமல் ஆரி வகுப்பில் சேர்ந்துவிடட்டுமா?"

கை வராது என்று யாரும் கிடையாது. நீங்கள் தொடங்கிய துணிதான் தப்பு. பட்டு வழுக்கும். பிரித்துத் தைத்தால் ஊசி குத்திய ஓட்டைகளும் அப்படியே தெரியும். பழகுகிறவர் பத்துத் தடவை பிரிப்பார், பிரிக்கத்தான் வேண்டும். அதற்குத் தோதானது காடா துணி. அரை மீட்டர் வாங்கி, கஞ்சி போக அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். அலசாமல் தைத்தால் பிற்பாடு துவைக்கும்போது துணி சுருங்கி, வேலைப்பாடு உப்பிக்கொண்டு நிற்கும்.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருவோம். கடையில் சிட்டமாகக் கிடைக்கும் எம்பிராய்டரி நூலில் 6 இழைகள் சேர்ந்திருக்கும். பலரும் ஆறையும் அப்படியே கோத்துவிடுகிறார்கள். பூ, இலை, காம்புக்கு 2 அல்லது 3 இழை போதும். நூலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்துக்கு, ஏறக்குறைய 18 அங்குலத்துக்கு வெட்டுங்கள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால் சிக்கு நிச்சயம். இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, மறுபடி சேர்த்துக் கோக்க வேண்டும். அப்படிச் செய்தால் தையல் முறுக்கில்லாமல் படுத்து உட்காரும். தைக்கத் தைக்க நூல் தானாக முறுக்கேறும். அவ்வப்போது துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள், சுற்றிச் சுற்றித் தானே பிரிந்துகொள்ளும்.

துணி சுருங்குவதற்கு இரண்டு காரணம். துணியை விறைப்பாகப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையம் தளர்ந்திருக்கும், அல்லது நூலை இழுத்து இறுக்கியிருப்பீர்கள். 5 அல்லது 6 அங்குல வளையம் வாங்கி, உள்வளையத்தில் பழைய பருத்தித் துணிக் கிழிசலை நெருக்கமாகச் சுற்றுங்கள். துணி நழுவாது. திருகை முடுக்கிவிட்டு விரலால் தட்டினால் பறைத்தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். இரவெல்லாம் மாட்டி வைத்தால் தடம் விழும்.

முதலில் ரோஜா வேண்டாம். பென்சிலால் ஒரு வளைந்த கோடு போட்டுக் காம்புத் தையல் பழகுங்கள். கோட்டின் இடது முனையில் ஊசியை மேலே எடுத்து, அரை சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளிக் கீழே குத்துங்கள். முழுதாக இழுக்காமல் நூலைக் கோட்டுக்குக் கீழே ஒதுக்கி, அந்தத் தையலின் நடுவில் மறுபடி மேலே வந்து, பிறகு இழுங்கள். இனி ஒவ்வொரு முறையும் முந்தைய தையலின் முடிவைத் தாண்டி அரைத் தையல் முன்னே போய்க் குத்தி, அந்த முந்தைய தையல் முடிந்த இடத்தில் மேலே வர வேண்டும். நூல் எப்போதும் கோட்டுக்குக் கீழேயே இருக்கட்டும். ஒரு தடவை மேல்பக்கம் போய்விட்டாலும் கயிறு திரித்தது போன்ற அந்த அழகு அந்த இடத்தில் அறுந்து தெரியும். வளைவான இடத்தில் தையலைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை ஒழுங்காகப் பழகினாலே நூலை எந்த அளவுக்கு இழுப்பது என்று கைக்குப் பிடிபட்டுவிடும்.

அப்புறம் சங்கிலித் தையல், இலைக்கு லேசி டெய்சி (தனித்தனிக் கண்ணியாகப் போடும் தையல்), பூவின் நடுவுக்குப் பிரெஞ்சு நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு). இதழை நிரப்பும் சாட்டின் தையலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். துணி சுருங்குவது பெரும்பாலும் அதில்தான். ஒரு தையல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வளையலில் மாட்டி இழுபடும். அகலமான இதழை இரண்டாகப் பிரித்து நிரப்புங்கள்.

ஆரி, கை எம்பிராய்டரியின் அடுத்த வகுப்பு இல்லை, அது வேறு வேலை. கொக்கி ஊசி மேலே, நூல் கீழே, பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, இரண்டு கைக்கும் தனித்தனி வேலை. கல்யாண பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். பேத்தியின் கவுனுக்கும் தலையணை உறைக்கும் என்றால் சாதாரண ஊசியே போதும், 7 அல்லது 8 எண் எம்பிராய்டரி ஊசியாகப் பார்த்து வாங்குங்கள். எண் கூடக்கூட ஊசி மெலியும்.

அந்த பட்டு பிளவுஸை இப்போது பிரிக்க வேண்டாம். பூவைக் கவிழ்த்து, அடியில் தடித்த துண்டு விரித்து, மேலே மெல்லிய துணி போட்டு, மிதமான சூட்டில் அழுத்தித் தேயுங்கள். சுருக்கம் ஓரளவு படியும்.